நண்பர்களோடு மதுரையில் இரண்டு நாள்: மதியத்தைச் சுற்றித் திட்டம் போடுங்கள்

வாட்ஸாப் குழுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி யாராவது ‘மதுரை போலாமாடா?’ என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்திவிடுவார்கள். கடைசியில் எழும்பூர் ரயில் நிலையத்தில் பையோடு நிற்பது நாலு பேர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மதுரைக்கு நாலு பேர் போதும், ஆறு பேர் வரை சமாளிக்கலாம். ரயில்வேயில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் பதிவு செய்ய முடியும். ஆறு பேர் என்றால் இரண்டு ஆட்டோ. ஏழாவது ஆள் சேர்ந்தால் இன்னொரு டிக்கெட், இன்னொரு ஆட்டோ, மெஸ்ஸில் இன்னொரு மேசைக்காகக் காத்திருப்பு.

சென்னையிலிருந்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை மதுரை போயிருக்கிறேன். முதல் தடவை எல்லாமே சொதப்பல். காலையில் நிதானமாக எழுந்து, நிதானமாகச் சாப்பிட்டு, மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. வரிசையில் நின்றோம், நடை சாத்திவிட்டார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே செருப்பு விட்ட இடத்துக்கு ஓடினோம். அன்றைக்குப் புரிந்தது, மதுரை காலையிலும் ராத்திரியிலும் பார்க்க வேண்டிய ஊர் என்று. பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற நேரம் தன்னால் அமைந்துவிடும்.

எந்த வாரம்?

டிசம்பர், ஜனவரி நல்ல குளிர் காலம் என்று எல்லோரும் சொல்வார்கள். வெயிலைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை சபரிமலைக்குப் போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக மதுரையில் இறங்குவார்கள். சனிக்கிழமை கோயில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது. பொங்கல் முடிந்த பிறகு பிப்ரவரி வரை இருக்கிற வாரங்கள் என் தேர்வு. இரண்டாவது, பலரும் யோசிக்காத ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் கல்யாணக் கூட்டம் இருக்காது, அறை சுலபமாகக் கிடைக்கும். மதிய வெயில் அப்போதும் சுடும், ஆனால் மதியத்தில் நீங்கள் வெளியே இருக்கப்போவதில்லையே.

மற்ற மாதங்களில் தினசரி காலண்டரைக் கிழிப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அந்த ஞாயிறு முகூர்த்த நாள் என்றால் லாட்ஜ், ரயில், மல்லிகைப்பூ மூன்றுமே எட்டாத உயரத்தில் இருக்கும். சித்திரைத் திருவிழா தனிக் கதை. திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது எல்லாம் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஊரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அழகரைப் பார்ப்பீர்கள், மதுரையைப் பார்க்க மாட்டீர்கள்.

டிக்கெட்

‘மதுரைக்கு வழி வாயிலே’ என்பார்கள். வழி வாயில் இருக்கலாம், டிக்கெட் இருக்காது. பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: திரும்பி வரும் டிக்கெட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வெள்ளி ராத்திரி போக வழி கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் போய் நின்றால் ஏதாவது ஒரு பஸ் கிடைத்துவிடும். ஞாயிறு ராத்திரி சென்னை திரும்பும் வண்டிகளில் தென் மாவட்டமே ஏறும். திங்கள் காலை அலுவலகம் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு டிக்கெட்தான் உயிர்.

போக வரப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சரியாக வரும். ராத்திரி ஏறிப் படுத்தால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு மதுரை. கடைசி நிறுத்தமே அதுதான் என்பதால் தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடும் பயம் கிடையாது. நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களும் மதுரை வழியாகத்தான் போகின்றன. அவற்றில் ஏறினால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தட்கலை நம்பி இருக்காதீர்கள். பயணத்துக்கு முதல் நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும், ஒரு டிக்கெட்டில் நாலு பேருக்கு மேல் போட முடியாது, ஆதார் இணைத்த கணக்கும் வேண்டும். குழுவில் யாருடைய கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறது என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது. எங்கள் குழுவில் ஒருவன்தான் அந்தப் புண்ணியவான். அவன் வராத பயணத்துக்கும் அவன்தான் டிக்கெட் போடுகிறான்.

பணம் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். ‘நீ போட்டுடு மச்சி, அப்புறம் அனுப்புறேன்’ என்பவர்தான் முந்தின நாள் காய்ச்சல் என்று சொல்வார். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் என்று கேளுங்கள். பதினோரு கட்டைவிரலில் ஆறோ ஐந்தோதான் மிஞ்சும். இதைவிடச் சிறந்த வடிகட்டி இல்லை.

அறை

ரயில் நிலையத்திலிருந்து டவுன் ஹால் ரோடு வழியே கிழக்கே நடந்தால் கோயிலின் மேலக் கோபுரம். கால் மணி நேர நடை. இடையில் குறுக்கே ஓடுகிற மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் எல்லா விலைக்கும் லாட்ஜ் உண்டு. நண்பர்களோடு போகிறவர்கள் இந்தப் பகுதியிலேயே தங்குவதுதான் புத்திசாலித்தனம். கே.கே. நகர் பக்கம் அறை இன்னும் விசாலமாக இருக்கும், அமைதியாக இருக்கும். ஆனால் மதியம் திரும்பிவந்து படுக்கவும், ராத்திரி பத்தரைக்குச் சாப்பிடக் கிளம்பவும் கோயில் பக்கம்தான் தோது.

அறை பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கா? ஒருமுறை நாங்கள் காலை ஆறு மணிக்கு ஒரு லாட்ஜில் போய் நின்றோம். பன்னிரண்டு மணிக்குத்தான் அறை, இப்போதே வேண்டுமென்றால் இன்னொரு அரை நாள் வாடகை என்றார்கள். வரவேற்பறை நாற்காலிகளில் வரிசையாகத் தூங்கினோம். இருபத்துநாலு மணி நேரக் கணக்கு என்றால் சனி காலை ஆறுக்கு ஏறி, ஞாயிறு காலை மலைக்குக் கிளம்பும்போதே காலி செய்துவிடலாம். இரண்டாவது, காலி செய்த பிறகு பைகளை வைத்துக்கொள்வார்களா? மூன்றாவது, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து போகிற குழு என்றால் அதைச் சொல்லியே பதிவு செய்யுங்கள். விடியற்காலை வாசலில் நின்று வாதாடுவது மகா எரிச்சல். அடையாள அட்டை ஆளாளுக்குக் கையில் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

குழுவில் ஒருவர் பொருளாளர். எல்லோரும் ஒரு தொகையை அவருக்கு ஜிபேயில் அனுப்பிவிட வேண்டும், வழியில் எந்தச் செலவும் அவர் கையிலிருந்துதான். டீக்கு நான், வடைக்கு நீ என்று போனால் இரண்டாம் நாள் மாலை யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர் மெஸ் பில்லில் சமபங்கு போடக்கூடாது. அதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதை முடிவு செய்பவர் வேறொருவராக இருக்கட்டும். வீட்டில் மதுரை ஆட்சியா சிதம்பரம் ஆட்சியா என்று கேட்பார்களே, நண்பர்களிடத்திலும் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆறு பேர் ஓட்டுப் போட்டு எந்த ஊரையும் பார்த்து முடித்ததில்லை.

சனிக்கிழமை

இறங்கியவுடன் ஒரு டீ, குளியல், ஏழு மணிக்குள் கோயில். காலைப் பலகாரத்தைக் கோயிலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு மேல் கூட்டம் ஏறத் தொடங்கும்.

போவதற்கு முன் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இரண்டு நாளும் தொலைய மாட்டீர்கள். கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. ஆக, ‘தெற்கு மாசி வீதி’ என்று ஒருவர் சொன்னால் கோயிலுக்குத் தெற்கே எத்தனையாவது சதுரத்தில் என்று வரைபடம் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். ரயில் நிலையம் மேல வெளி வீதியை ஒட்டி இருக்கிறது. இதை ஆவி பறக்கிற டீ கிளாஸோடு ஒருமுறை எல்லோருக்கும் விளக்கிவிடுங்கள்.

கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில்தான் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு திசையிலும் நாலு ராஜகோபுரம், உள்ளே இரண்டு சந்நிதிகள், கையில் போன் இல்லை. பிரிந்தால் பிரிந்ததுதான். அதனால் உள்ளே நுழையும்போதே ‘யார் காணாமல் போனாலும் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு’ என்று பேசிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து காத்திருப்பதும் சுகம்தான். எந்த வாசலில் செருப்பும் போனும் விட்டீர்கள் என்பதைத் திசை பெயரோடு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பான வாசலில் வெளியே வந்தால் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டிவரும். அரைக்கால் டவுசர், கையில்லாத சட்டை வேண்டாம். குழுவில் இந்து அல்லாத நண்பர் இருந்தால், கருவறைப் பகுதிக்குள் அனுமதி இல்லை என்பதைச் சென்னையிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போய்ப் பலகையைப் பார்த்து அவர் தனியாக நிற்பது நன்றாக இருக்காது. ஆயிரங்கால் மண்டபத்தை அவரோடு சேர்ந்து பாருங்கள். பெயர்தான் ஆயிரம், தூண்கள் 985.

மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சொக்கநாதரிடம் போவது வழக்கம். போகிற வழியில் முக்குறுணி விநாயகரை நன்றாகப் பார்த்துவையுங்கள், மாலையில் அவர் கதைக்கு வருவோம்.

வெளியே வந்து சாப்பிட்டு, பத்து மணிவாக்கில் திருமலை நாயக்கர் மகால். கோயிலிலிருந்து நடக்கலாம். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது கால்வாசிதான். மூன்று பேர் கைகோர்த்தாலும் சுற்றி வளைக்கத் திணறுகிற தூண்களை நிமிர்ந்து பார்க்கும்போது, மீதி முக்கால்வாசியும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பிரித்து எடுத்துப் போய்விட்டார். ஒலி ஒளிக் காட்சி நடக்கிறதா, எத்தனை மணிக்கு என்று சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மதியச் சாப்பாடு. அப்புறம் தூக்கம். இதைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள், ‘1:30 முதல் 4 வரை தூக்கம்’ என்று. ‘இவ்வளவு தூரம் வந்து தூங்கவா?’ என்று ஒருவர் கேட்பார். அவரும் தூங்குவார்.

மாலை ஐந்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இதை வெட்டியவரும் திருமலை நாயக்கர்தான், 1645இல். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம் இது என்பார்கள். அப்படித் தோண்டியபோது கிடைத்தவர்தான் காலையில் பார்த்த முக்குறுணி விநாயகர். காலையில் கோயில், பத்து மணிக்கு மகால், மாலையில் குளம் என்று வரிசை வைத்தது இதற்காகத்தான். தண்ணீர் இருக்கிற காலத்தில் படகு விடுகிறார்கள். கரையைச் சுற்றித் தள்ளுவண்டிகள், சிறுபிள்ளைகள், காற்று. இருட்டும் வரை உட்காருங்கள்.

ஒன்பது மணிக்குத் தெம்பிருந்தால் மறுபடி கோயில். நடை சாத்துவதற்கு முன் சொக்கநாதரின் திருவடியைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சந்நிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். மேளம், சாம்பிராணிப் புகை, கொஞ்சமே கொஞ்சம் கூட்டம். காலையில் பார்த்த கோயிலா இது என்றிருக்கும்.

சாப்பாடு

மதுரையில் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது, கடைக்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் இட்லி, பொங்கல், அதோடு தண்ணிச் சட்னி. சென்னைக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், நாலாவது இட்லிக்குக் கேட்டு வாங்குவார்கள். மதியம் மெஸ்: சுக்கா, கோலா உருண்டை, குடல் குழம்பு, கிடைத்தால் அயிரை மீன் குழம்பு. ஒன்றரைக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பன்னிரண்டே காலுக்குப் போய் உட்காருங்கள். மாலையில் பருத்திப் பால். பரோட்டாவும் கறி தோசையும் பொழுது சாய்ந்த பிறகு. சிம்மக்கல் பக்கம் கறி தோசை கேட்டுப் போங்கள்: அடியில் தடித்த ஊத்தப்பம், நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்துகொள்ளாமல் போனவர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தார்கள்.

சைவ நண்பரைப் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், ‘சால்னாவில் கறி இருக்காது, சும்மா சாப்பிடு’ என்று சொல்லாதீர்கள். மேலச் சித்திரை வீதியில் வெள்ளை அப்பமும் காபியும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள். ஜிகர்தண்டா எல்லோருக்கும் பொது. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாசுந்தி ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் குடிப்பது வழக்கம். சாப்பாட்டுக்கு முன் குடிக்காதீர்கள், அப்புறம் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை

ஊருக்கு வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. எல்லாம் வெவ்வேறு திசையில். மேற்கே சமணர் மலை, வடகிழக்கே மேலூர் சாலையில் யானைமலை, தென்கிழக்கே கீழடி, வடக்கே அழகர்கோயில், தெற்கே திருப்பரங்குன்றம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கிற அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன், அதில் பார்ப்பது காரின் முன் சீட்டை மட்டும்தான். விடியற்காலை ஒரு மலை, பகலில் கீழடி. அவ்வளவுதான்.

மலைக்கு என் ஓட்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்கு. அடிவாரத்தில் தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், விழுது இறங்கிய ஆலமரம். படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் எட்டுக்குள் இறங்கிவிடலாம். மலையில் கடை கிடையாது. தண்ணீரை நீங்கள்தான் தூக்க வேண்டும், காலி பாட்டிலையும் நீங்கள்தான் இறக்க வேண்டும்.

இந்த நாளுக்கு மட்டும் வண்டி பேசுங்கள். ஆறு பேருக்கு ஒரே வண்டி. எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா சேர்த்தா சேர்க்காமலா என்று ஏறுவதற்கு முன் கேட்டு, வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவருக்கும் காலைப் பலகாரம் வாங்கிக் கொடுங்கள், அவருக்குத் தெரிந்த கடை உங்கள் போனில் இருக்காது.

கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் சுமாருக்கு, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள். 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டிய கூடங்கள், மதிய வெயில் தலையில் படாமல் இரண்டு மணி நேரம் சுற்றலாம். மதியப் பள்ளத்தை நிரப்ப இதைவிடத் தோதான இடம் மதுரையைச் சுற்றி இல்லை. பானை ஓட்டில் கீறிய பெயர்களின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். தன் பானை தொலைந்துவிடக்கூடாதே என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன் யாரோ எழுதிவைத்தது. ஹாஸ்டலில் தட்டில் பெயர் பொறித்தவர்களுக்கு உடனே புரியும்.

திரும்பி வந்து நேரமிருந்தால் தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பராமரிப்பு வேலை நடந்தால் சில பகுதிகள் மூடியிருக்கலாம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் மேலமாசி வீதியில் நடந்தாலே போதும். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறியது அந்த வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான். கீழே இப்போது கதர் கடை.

கடைசி இரண்டு மணி நேரம் கடைத்தெருவுக்கு. அம்மாவுக்குச் சுங்குடிப் புடவை வாங்குகிறவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா, அச்சா என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சு என்றால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணி அங்கங்கே சுருங்கியிருக்கும். மல்லிகையைக் கடைசியாக வாங்குங்கள், மலர்ந்ததாக இல்லாமல் இறுகிய மொட்டாக. இலையில் பொதிந்து கொடுப்பார்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கறுத்துவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரே சூடாக அல்வா விற்பார்கள், வீட்டுக்கு ஒரு பொட்டலம், வழிக்கு ஒன்று.

வண்டி கிளம்பியதும் பொருளாளர் கணக்கை எடுக்கட்டும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஒரு மணி நேரம் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு என்று பேசி, அங்கேயே அனுப்பி முடித்துவிடுங்கள். திண்டுக்கல் தாண்டினால் கீழ் பெர்த்காரர் விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவார்.